பத்து எல்.ஐ.சி. உயர ஏரியல் இல்லாதவர்களுக்கு எந்த மோடு?

போன இதழில் அமெச்சூர் வானொலிக்காரர்களின் 137 கிலோஹெர்ட்ஸ் பட்டை பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. சென்னையில் இவ்வளவு பேர் மொட்டை மாடியில் கம்பி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே சந்தோஷம்தான். எல்லாவற்றுக்கும் இடமில்லை, நாலு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"137 கிலோஹெர்ட்ஸுக்கு 50 வாட் டிரான்ஸ்மிட்டர் கட்டி முடித்துவிட்டேன். தாம்பரத்தில் இருக்கும் நண்பர் கேட்டுச் சொல்வதாக ஏற்பாடு. எந்த மோடில், அதாவது எந்த முறையில், அனுப்புவது என்பதில்தான் சண்டை. நண்பர், கணினியே அனுப்பிக் கணினியே படிக்கும் விஸ்பர் என்கிறார். எங்கள் குழுவில் ஒரு பெரியவர், லோ ஃப்ரீக்வென்சி என்றால் மிக மெதுவான மோர்ஸான க்யூ.ஆர்.எஸ்.எஸ்.தான், வேறு பேச்சே வேண்டாம் என்கிறார். எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது மோர்ஸ் மட்டும். எதில் தொடங்கலாம் சார்?"
ஒரு வாசகர், பெரம்பூர்

மோர்ஸில் தொடங்குங்கள். காதால் கேட்கிற சாதாரண மோர்ஸ், அதாவது சி.டபிள்யூ., நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல் வேகம், நண்பர் காதில் ஹெட்போன். அவ்வளவுதான்.

ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 137 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 2190 மீட்டர். கால் அலை ஏரியல் வேண்டுமென்றால் 547 மீட்டர் உயரம் வேண்டும். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டிடம் 54 மீட்டர், ஆக பத்து எல்.ஐ.சி.யை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் நமக்குச் சரியான ஏரியல் கிடைக்கும். உங்கள் மாடியில் எவ்வளவு கிடைக்கும்? பத்து மீட்டர் செங்குத்துக் கம்பி, மேலே டி எழுத்து மாதிரி நீளவாக்கில் ஒரு கம்பி, நல்லவேளையாக அதற்கு மேல் வேப்பமரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்துக்குக் கதிர்வீச்சுத் தடை (சக்தியை அலையாக வெளியே அனுப்பும் பங்கு) வெறும் 0.03 ஓம். குட்டை ஏரியலை அலைவரிசைக்கு இசைய வைக்கும் லோடிங் காயிலிலும் எர்த்திலும் போகிற தடை, நன்றாகக் கட்டியிருந்தாலே 60 ஓம் வரும். 50 வாட் உள்ளே போட்டால் காற்றில் கிளம்புவது சுமார் 25 மில்லிவாட். மீதி முழுக்க காயிலையும் பெரம்பூர் மண்ணையும் சூடாக்குவதற்கு.

இதைக் கேட்டதும் எல்லோரும் செய்வது, சரி, சக்தி இவ்வளவு கம்மி என்றால் இருப்பதிலேயே நுண்ணிய மோடுக்குப் போய்விடலாம் என்று தாவுவது. அங்கேதான் தப்பு நடக்கிறது. 25 மில்லிவாட் என்றாலும், பெரம்பூரிலிருந்து தாம்பரம் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர்தான். தரையோடு ஒட்டிப் போகும் அலை அந்தத் தூரத்தில் மீட்டருக்கு 60 மைக்ரோவோல்ட் அளவுக்கு இருக்க வேண்டும் என்று காகிதக் கணக்கு சொல்கிறது. வீடுகள், மரங்கள், ஈ.பி. கம்பிகள் எல்லாம் சேர்ந்து அதில் பாதியை, முக்கால்வாசியைக்கூடத் தின்னட்டும். அப்போதும் காதுக்குக் கேட்கும் அளவு மிச்சம் இருக்கும். கேட்கவில்லை என்றால் ஏதோ தப்பு. எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கலாம், காயில் 137க்குப் பதில் 131இல் டியூன் ஆகியிருக்கலாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அதே கோளாறான ஏரியலில் முதல் நாளே விஸ்பர் போட்டால் என்ன ஆகும்? விஸ்பர் இரைச்சலுக்கு 31 டெசிபல் கீழே இருக்கிற சிக்னலைக்கூடப் பிடித்துவிடும் (2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் கணக்கிடும் இரைச்சல் அது). நண்பரின் கணினித் திரையில் உங்கள் கால்சைன் (நிலையத்தின் அடையாளப் பெயர்) வந்துவிடும். இருவரும் மாற்றி மாற்றி வாழ்த்துச் சொல்லிக்கொள்வீர்கள். எர்த் பிடியில் முக்கால்வாசி சக்தி வீணாவது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். மெதுவான மோடு கெட்டிக்கார மோடு, அந்தக் கெட்டிக்காரத்தனத்தாலேயே அது உங்கள் ஏரியலின் பிழையை மூடி மறைக்கிறது. காதுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது, முதல் சோதனைக்கு அதுதான் நல்லது.

அதனால் வரிசை இப்படி. ஏரியல் கம்பியின் அடியில் ஒரு ஃபெரைட் வளையம், அதில் சில சுற்று, ஒரு டையோடு, ஒரு சின்ன மீட்டர். இந்த ஆர்.எஃப். மின்னோட்ட மீட்டர் இல்லாமல் இந்தப் பக்கம் வரவே வராதீர்கள், ஏரியலிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இங்கே பாதி உண்மைதான் சொல்லும். 50 வாட்டுக்கு 60 ஓமில் 0.9 ஆம்பியர் வர வேண்டும். வருகிறதா, சரி, அப்புறம் நண்பருக்குப் போன் போட்டு மோர்ஸ் சாவியை அழுத்துங்கள். ஒன்று சொல்ல மறந்துவிடப் போகிறேன்: அந்த 0.9 ஆம்பியர் போகும்போது காயிலின் மேல்முனையில் ஐயாயிரம் வோல்ட் நிற்கும். டி.யின் மேல்கம்பி துணி காயப்போடுகிற கொடி மாதிரியேதான் இருக்கும், மாடி பொதுவானதாக இருந்தால் யாராவது ஈரத்துண்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். சோதனை நேரத்தில் மாடிக் கதவைப் பூட்டிவிடுங்கள். வடாம் நாளைக்குக் காயட்டும்.

காதில் கேட்டாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பெரியவரின் க்யூ.ஆர்.எஸ்.எஸ்.ஸும் நண்பரின் விஸ்பரும். இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள், அதனால் சண்டையே தேவையில்லை.

க்யூ.ஆர்.எஸ்.எஸ். என்பது மோர்ஸேதான், ஆனால் காதுக்கு எட்டாத மெதுவில், கணினித் திரையில் ஓடும் நீர்வீழ்ச்சிப் படத்தில் (நேரம் ஓட ஓட சிக்னலைக் கோடாக வரைவது) கண்ணால் படிப்பது. ஒரு புள்ளியின் நீளம் எத்தனை நொடியோ அதுதான் பெயரின் பின்னால் வரும் எண். பன்னிரண்டு சொல் வேகத்தில் ஒரு புள்ளி 0.1 நொடி. க்யூ.ஆர்.எஸ்.எஸ்.10இல் பத்து நொடி. நூறு மடங்கு மெதுவானால் நூறில் ஒரு பங்கு அகலம் போதும், இரைச்சலும் அந்த அளவே உள்ளே வரும், அதாவது 20 டெசிபல் லாபம், உங்கள் ஒரு வாட் நூறு வாட் மாதிரி வேலை செய்யும். விலையும் உண்டு. நம் கால்சைனின் முன்பாதியான வி.யூ.3 என்ற மூன்று எழுத்துக்கு 35 புள்ளி நேரம் ஆகும். க்யூ.ஆர்.எஸ்.எஸ்.3இல் அது ஒன்றே முக்கால் நிமிடம், 10இல் ஆறு நிமிடம், 60இல் 35 நிமிடம். இன்னும் கால்சைனின் பின்பாதி வரவே இல்லை! புள்ளியையும் கோட்டையும் ஒரே நீளமாக வைத்து அலைவரிசையைச் சற்றே மாற்றிக் காட்டும் டி.எஃப்.சி.டபிள்யூ. என்ற முறையில் இதைப் பாதிக்கும் கீழே குறைக்கலாம்.

க்யூ.ஆர்.எஸ்.எஸ்.ஸின் உண்மையான அழகு வேறு. விஸ்பர் வந்ததைக் கணக்கெடுத்துச் சொல்லும், வராவிட்டால் ஏன் என்று சொல்லாது. க்யூ.ஆர்.எஸ்.எஸ். படம் காட்டும். உங்கள் ஆசிலேட்டர் நகர்ந்தால் கோடு சாயும், இடி மின்னல் வந்தால் மேலிருந்து கீழாக வெள்ளைக் கீறல்கள் விழும், அவற்றுக்கு நடுவே படுக்கைவாட்டில் உங்கள் கோடு தொடர்வதைக் கண் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் வங்காள விரிகுடா முழுக்க இடி முழங்கும்போது இது பெரிய உதவி.

ஒரு மார்கழியில் எனக்கு நடந்தது இது. விடியற்காலை ஐந்து மணிக்கு நான் எழுந்து திரையைப் பார்த்தால், 137.7க்குப் பக்கத்தில் அழகாக ஒரு மெல்லிய கோடு. தினமும் ஐந்து மணிக்குச் சரியாக ஆரம்பிக்கும், ஆறே காலுக்கு நின்றுவிடும். எங்கோ ஐரோப்பாவில் யாரோ க்யூ.ஆர்.எஸ்.எஸ்.120 அனுப்புகிறார் என்றே முடிவு கட்டிவிட்டேன், நான்கு நாள் புள்ளி கோடு பிரிக்க முயன்று நோட்டில் எழுதியும் வைத்தேன். ஐந்தாம் நாள்தான் கவனித்தேன், கோடு முதல் பத்து நிமிடம் மெல்லச் சாய்ந்து, பிறகு நேராகிறது. ஏதோ சூடாகிக்கொண்டிருக்கிறது! மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டு வாசலில் மாமி கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார், தலைக்கு மேல் புது எல்.இ.டி. விளக்கு. அதை அணைத்துவிட்டு உள்ளே போனார், என் ஐரோப்பாவும் போனது. காதால் கேட்டிருந்தால் அது வெறும் விசில். விஸ்பரில் ஒன்றுமே தெரிந்திருக்காது. படமாக இருந்ததால்தான் அந்தச் சாய்வு கண்ணில் பட்டது.

விஸ்பர் எப்போது என்றால், ஒப்பிட வேண்டியிருக்கும்போது. இன்றைக்கு எர்த்துக்கு மேலும் இரண்டு கம்பி புதைத்தேன், முன்னேற்றம் உண்டா? மழைக்குப் பிறகு எப்படி? இரவு எத்தனை மணிக்குத் தொலைவில் எடுக்கிறது? இதற்கெல்லாம் எண் வேண்டும், நூறு எண்கள் வேண்டும். விஸ்பர் ஒவ்வொரு இரட்டைப்படை நிமிடத்திலும் தொடங்கி 110.6 நொடி ஓடும், கால்சைன், இடக்குறி (உலக வரைபடத்தில் உங்கள் கட்டத்தின் பெயர்), சக்தி மூன்றையும் சொல்லும், மறுமுனையில் மனிதர் தூங்கினாலும் டெசிபல் கணக்கைப் பதிந்து வைக்கும். இதை எழுதிய ஜோ டெய்லர், இரட்டைப் பல்சரைக் கண்டுபிடித்ததற்காக 1993இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். மங்கலான சிக்னலை இரைச்சலிலிருந்து பிரிப்பதுதான் அவருக்குத் தொழிலே. கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும். நம் நேரம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் என்பதால் குழப்பம் வருமோ என்று இன்னொருவர் கேட்டிருந்தார், முப்பது நிமிடமும் இரட்டைப்படைதானே, நம் கடிகாரத்து இரட்டை நிமிடமே போதும்.

இரண்டு சில்லறை விஷயங்கள். சக்தி என்ற இடத்தில் 50 வாட் என்று போடாதீர்கள், கிளம்புவது எவ்வளவோ அதைப் போடுங்கள், நானாக இருந்தால் 13 டி.பி.எம். (மில்லிவாட்டை அடிப்படையாக வைத்த டெசிபல், ஏறக்குறைய 20 மில்லிவாட்) என்று போடுவேன். இன்னொன்று, 13 டிகிரி அட்சரேகை அடையாறு பக்கமாக நகரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதற்கு வடக்கே இருக்கிற உங்கள் இடக்குறி என்.கே.03, தெற்கே நண்பருடையது என்.கே.02. நாலெழுத்துக் குறியை வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள் கட்டங்களின் நடுப்புள்ளியைத்தான் எடுக்கும், அதனால் உங்கள் 25 கிலோமீட்டரை 111 என்று காட்டும். குழுவில் போட்டுப் பெருமையடித்துவிடாதீர்கள், பெரியவர் கண்டுபிடித்துவிடுவார்.

"விஸ்பர் போன்ற எஃப்.எஸ்.டி.4டபிள்யூ. மோடில் 1800 நொடி வகை, மைனஸ் 45 டெசிபல் வரைக்கும் எடுக்கும் என்று படித்தேன். இருப்பதிலேயே அதுதான் நுட்பம் என்றால் மற்றதெல்லாம் எதற்கு? எல்லாச் சோதனையையும் அதிலேயே செய்துவிடலாமே?"
பொறியியல் மாணவி, கிண்டி

நல்ல கேள்விம்மா, நானும் இதை நம்பித்தான் ஆம்பிளிஃபயரில் இருந்த ஒரு ஜோடி மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரைப் பலி கொடுத்தேன். முதலில் கணக்கைப் பாருங்கள். அதே எஃப்.எஸ்.டி.4டபிள்யூ.வின் 120 நொடி வகை ஏறக்குறைய மைனஸ் 33 வரை எடுக்கும். 120க்கும் 1800க்கும் பதினைந்து மடங்கு. பதினைந்து மடங்கு என்றால் டெசிபலில் கிட்டத்தட்ட 12. மைனஸ் 33இலிருந்து 12 போனால் மைனஸ் 45. பைசா பிசகாமல் வருகிறது பாருங்கள்! மந்திரம் எதுவும் இல்லை, நேரத்தைக் கொடுத்து டெசிபல் வாங்குகிறீர்கள். ஒரு மணி நேரத்தில் 120 நொடி வகையில் முப்பது பதில் கிடைக்கும், 1800இல் இரண்டே இரண்டு. ஏரியலை மாற்றி மாற்றிச் சோதிக்கிறவருக்கு இரண்டு பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதோடு அரை மணி நேரமும் எல்லாம் அசையாமல் இருக்க வேண்டும். அலைவரிசை நிலைத்தன்மையில் நமக்கு ஒரு சலுகை உண்டு, 137 கிலோஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை என்றால் 0.137 ஹெர்ட்ஸ்தான், இதுவே 28 மெகாஹெர்ட்ஸில் 28 ஹெர்ட்ஸ். ஆனால் இந்த மோடுக்கு அந்த 0.137 ஹெர்ட்ஸும் அதிகம்தான், அதனால் சாதாரணப் படிகத்தைச் சித்திரை வெயில் அடிக்கும் மாடி அறையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் நகராதே என்றால் கேட்காது. ஜி.பி.எஸ்.ஸோடு பூட்டுங்கள், அல்லது குறைந்தது வெப்பநிலை ஈடுகட்டும் ஆசிலேட்டர் போடுங்கள். ரிச்சி தெருவில் இரண்டுமே கிடைக்கும், கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். நடுவில் கரண்ட் போனால் அந்த அரை மணியும் போச்சு.

என் மாஸ்ஃபெட் கதை இதுதான். விஸ்பரில் இருபது சதவீத நேரம் மட்டும் அனுப்பி, மீதி நேரம் ஆறவிட்டுப் பழகிய ஆம்பிளிஃபயர். அதே ஹீட்சிங்க்கை நம்பி மே மாதம் இரவு 1800இல் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். முப்பது நிமிடம் இடைவெளியே இல்லாத முழுச் சுமை. காலையில் அறை முழுக்க ஒரு வாசனை, அந்த வாசனை எலக்ட்ரானிக்ஸ்காரர் எல்லோருக்கும் தெரியும்.

அதனால் 120இல் தொடங்குங்கள், ஒன்றுமே எடுக்கவில்லை என்று நிச்சயமானால் 300, அப்புறம் 900. 1800 கண்டம் தாண்டும் ஆசை இருக்கிறவர்களுக்கு, அதுவும் இடி இல்லாத தை மாசி இரவுகளில். இந்தக் குடும்ப மோடுகள் எல்லாம் வீச்சு மாறாதவை என்பதால் மலிவான கிளாஸ் டி ஆம்பிளிஃபயரே போதும். பி.எஸ்.கே.31 மாதிரியானவற்றுக்கு அது ஒத்துவராது, வீச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பெருக்கும் லீனியர் வேண்டும்.

"எல்லோரும் எஃப்.டி.8 பேசுகிறார்களே, அதையே 630 மீட்டரில் பயன்படுத்தினால் என்ன?"
ஒரு வாசகர், அம்பத்தூர்

பயன்படுத்தலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு செய்தியைப் பதினைந்து நொடியில் முடிக்கும் அந்த அவசரம் ஷார்ட் வேவுக்காகச் செய்தது, மைனஸ் 21 வரைக்கும்தான் எடுக்கும். இருவழியாகப் பேச எஃப்.எஸ்.டி.4இன் 60 நொடி வகை மைனஸ் 28 வரை போகும், லோ ஃப்ரீக்வென்சியை மனதில் வைத்தே எழுதியது. அப்புறம், சக்தி அளவு நினைவிருக்கட்டும். 137 பட்டை 2007இலும் 472இலிருந்து 479 கிலோஹெர்ட்ஸ் வரையிலான 630 மீட்டர் பட்டை 2012இலும் உலக வானொலி மாநாடுகளில் நமக்குக் கிடைத்தவை, இரண்டாம் உரிமையில்தான். வரம்பு அடிப்படையில் ஒரு வாட், அதுவும் டிரான்ஸ்மிட்டரில் இல்லை, ஏரியலிலிருந்து கிளம்பும் கணக்கில். 630 மீட்டரில் நல்ல ஏரியலும் நூறு வாட்டும் இருந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடுவது சுலபம். எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் கையில் இருக்கும் உரிமத்தின் அட்டவணையை எடுத்து இந்தப் பட்டைகள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லையென்றால் சாவியைத் தொடாதீர்கள். பெரம்பூர்க்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"ஃபிளாட்டில் ஏழாவது மாடி. பால்கனி தவிர இடமில்லை. அனுப்பும் ஆசை இல்லை, கேட்டால் போதும். என் ரிசீவர் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று சோதிக்க, அந்தக் கீழ்ப் பட்டையில் நிச்சயமாக இருக்கிற சிக்னல் ஏதாவது உண்டா?"
ஒரு வாசகி, பள்ளிக்கரணை

உண்டு, அதுவும் நம் ஊரிலேயே. திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது. 18.2 கிலோஹெர்ட்ஸ். உங்களிடமிருந்து சுமார் 600 கிலோமீட்டர். 18.2 என்பது லேப்டாப் சவுண்ட் கார்டு நொடிக்கு 48,000 முறை அளக்கும் வேகத்தில் நேரடியாகப் பிடிக்கிற எல்லைக்குள் வருகிறது, ரிசீவரே தேவையில்லை. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தில் முப்பது சுற்றுக் கம்பி (மோட்டார் காயில் கட்டும் கடையில் இனாமல் கம்பி எடைக்குக் கொடுப்பார்கள்), இரண்டு முனையும் மைக் சாக்கெட்டில். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் திரை முழுக்க சார்ஜர்தான் தெரியும். ஸ்பெக்ட்ரம் லேப் மாதிரி ஒரு மென்பொருளில் நீர்வீழ்ச்சிப் படத்தைத் திறந்தால், அவர்கள் ஒலிபரப்பும் நேரத்தில் 18.2இல் சற்று அகலமான பட்டை ஒன்று நிற்கும். சட்டத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒரு திசையில் பட்டை மங்கும், இன்னொரு திசையில் பக்கத்து ஃபிளாட் இன்வெர்ட்டர் மங்கும். பின்னதுதான் உங்களுக்கு வேண்டிய திசை.

அங்கே நடுவில் இருக்கும் கோபுரம் 471 மீட்டர். ஒன்பது எல்.ஐ.சி.க்குக் கிட்டே வருகிறது. ஆனால் 18.2க்குக் கால் அலை நாலு கிலோமீட்டருக்கு மேல், ஆக கடற்படைக்கும் ஏரியல் குட்டைதான், லோடிங் காயில்தான், எர்த் தொல்லைதான். அந்தப் பட்டையைச் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழு வரை விடாமல் பாருங்கள், சூரியன் இறங்கும்போது அதன் பிரகாசம் ஏறி இறங்கி வேறு அளவில் போய் நிற்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள், படம் அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறேன்.